அமெரிக்காவோட பழைய 'நாட்டுக் கோட்டா' சட்டம்: ஏன் வந்துச்சு, எப்படிப் போச்சு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீன் கார்டு (அமெரிக்காவுல நிரந்தரமாத் தங்குற அனுமதி) க்யூ பத்தி எங்க பேச்சு எடுத்தாலும் ஒருத்தர் "அந்தக் காலத்துல சும்மா கப்பல் ஏறிப் போய் இறங்கிடலாமாமே"ன்னு ஆரம்பிப்பாரு, இன்னொருத்தர் "1965ல எல்லாருக்கும் திறந்து விட்டுட்டாங்க"ன்னு முடிப்பாரு. ரெண்டுமே பாதிதான் சரி. திரும்பத் திரும்ப வர்ற சந்தேகங்களை, கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டு பதில் எழுதியிருக்கேன். மேலேர்ந்து படிச்சுட்டு வாங்க, பின்னாடி வர்ற பதில் பலதும் முன்னாடி சொன்னதை நம்பித்தான் நிக்குது.

கோட்டான்னா நம்ம ஊர் இடஒதுக்கீடு மாதிரிதானே?

இல்லைங்க, நேர் எதிர். இடஒதுக்கீடு, உள்ளயே வர முடியாம இருந்தவங்களுக்கு இத்தனை இடமாவது கொடுத்தே ஆகணும்னு சொல்லுது. அமெரிக்கா போட்டது, இந்த நாட்டுல பிறந்தவன் வருஷத்துக்கு இத்தனை பேருக்கு மேல வரவே கூடாதுங்கிற உச்சவரம்பு. 1929லேர்ந்து பிரிட்டனுக்கு 65,721, இத்தாலிக்கு 5,802, இப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நம்பர் இருந்துச்சு. நீங்க என்ன படிச்சிருக்கீங்க, என்ன வேலை தெரியும், இதெல்லாம் அப்புறம், உங்க நாட்டு நம்பர் தீர்ந்துபோச்சுன்னா அடுத்த வருஷம் வாங்கன்னு அனுப்பிடுவாங்க.

1921ல தற்காலிகம்னு சொல்லித்தான் கொண்டு வந்தாங்க. 1965ல ரத்து பண்ணாங்க, பழைய கணக்கு முழுசா நின்னது 1968 ஜூலையில.

அதுக்கு முன்னாடி யார் வேணா போகலாமா?

ஐரோப்பாக்காரங்கன்னா கிட்டத்தட்ட ஆமா. 1907ல மட்டும் 12 லட்சத்து 85 ஆயிரம் பேர் போய் இறங்கியிருக்காங்க. முன்கூட்டி விசா எடுக்கிற வேலையெல்லாம் கிடையாது, நியூயார்க் பக்கத்துல எல்லிஸ் தீவுல டாக்டர் பார்ப்பாரு, அதிகாரி ரெண்டு மூணு கேள்வி கேப்பாரு, பெரும்பாலானவங்க சில மணி நேரத்துல வெளிய வந்துடுவாங்க.

ஆசியாக்காரங்க கதை வேற. 1882லயே சீனத் தொழிலாளர்கள் வரக்கூடாதுன்னு சட்டம், 10 வருஷத்துக்குன்னு போட்டு அப்புறம் நீட்டி நீட்டி 1904ல காலவரையே இல்லாம ஆக்கிட்டாங்க. ஜப்பானோட 1907-08ல ஒரு ஒப்பந்தம், தொழிலாளர்களை நீங்களே அனுப்பாம நிறுத்திக்கோங்கன்னு. 1917ல மேப்புலயே கோடு போட்டு 'ஆசியத் தடை மண்டலம்'னு ஒண்ணு பண்ணாங்க, இந்தியா இலங்கை பர்மா எல்லாம் அந்தக் கோட்டுக்குள்ள. ஜனாதிபதி வில்சன் அதுல கையெழுத்து போடமாட்டேன்னு திருப்பி அனுப்பியும் காங்கிரஸ் (அவங்க பார்லிமென்ட், நம்ம கட்சி இல்ல) அதை மீறி நிறைவேத்திடுச்சு. அதனால நம்ம ஆளுங்களைப் பொறுத்தவரை, கோட்டா வர்றதுக்கு முன்னாடியே கதவு சாத்தியாச்சு.

ஐரோப்பாவுலேர்ந்து வந்தவங்களும் வெள்ளைக்காரங்கதானே, அவங்களை ஏன் தடுக்கணும்?

இந்தக் கேள்வி வராத நாளே இல்ல. 1880 வரைக்கும் அங்க போனவங்க பெரும்பாலும் பிரிட்டன், அயர்லாந்து, ஜெர்மனி, ஸ்காண்டிநேவியா பக்கம். அதுக்கப்புறம் தெற்கு இத்தாலி, போலந்து, கிரீஸ், ரஷ்யாவுலேர்ந்து யூதர்கள்னு வர ஆரம்பிச்சாங்க. கத்தோலிக்கர், யூதர், ஏழை, இங்கிலீஷ் தெரியாது. ஏற்கனவே செட்டில் ஆன புராட்டஸ்டன்ட் ஆளுங்க கண்ணுக்கு இவங்க முழு வெள்ளையாவே தெரியலை. தொழிற்சங்கங்களுக்கு கூலி குறைஞ்சிடும்னு பயம், முதல் உலகப்போர் முடியறதுக்குள்ளயே ரஷ்யப் புரட்சி வேற நடந்திருந்ததால போல்ஷெவிக் (ரஷ்யக் கம்யூனிஸ்ட்) உள்ள புகுந்துடுவான்னு இன்னொரு பயம்.

இதுக்கு மேல 'விஞ்ஞான' முலாம் ஒண்ணு பூசினாங்க பாருங்க, அதுதான் கொடுமை. இனத்தூய்மை பேசுற யூஜெனிக்ஸ் அப்ப பெரிய யுனிவர்சிட்டிகள்லயே நடந்த பாடம். மேடிசன் கிரான்ட்னு ஒரு நியூயார்க் பணக்காரர் 'நார்டிக்' (வட ஐரோப்பிய) இனம் அழியப்போகுதுன்னு எழுதினாரு, ஹாரி லாஃப்லின்னு ஒருத்தரை கீழ்சபையோட குடியேற்றக் கமிட்டி தன்னோட யூஜெனிக்ஸ் நிபுணராவே வெச்சிருந்துச்சு. 1917 சட்டத்துல படிக்கத் தெரியணும்னு ஒரு டெஸ்ட் போட்டுப் பார்த்தாங்க, ஏதாவது ஒரு மொழியில 30, 40 வார்த்தை படிக்கணும் அவ்வளவுதான், ஆனா இத்தாலியிலயும் போலந்துலயும் அதுக்குள்ள நிறைய பேர் படிக்கக் கத்துக்கிட்டாங்க, கூட்டம் குறையலை. அப்பத்தான் நேரா தலையை எண்ணிடுவோம்னு கிளம்பினாங்க.

எந்த நாட்டுக்கு எத்தனைன்னு எப்படிங்க முடிவு பண்ணாங்க? குலுக்கல் போட்டா?

குலுக்கல் போட்டிருந்தாக்கூட நியாயமா இருந்திருக்கும். சென்சஸை வெச்சுத்தான். 1921 சட்டம் சொன்னது: 1910 சென்சஸ்ல அந்தந்த வெளிநாட்டுல பிறந்தவங்க அமெரிக்காவுல எத்தனை பேர் இருந்தாங்களோ அதுல 3 சதவீதம். மொத்தம் வருஷத்துக்கு மூணரை லட்சம் சொச்சம். இதுல இத்தாலிக்கு 42,000 வந்துச்சு, அது ரொம்ப அதிகம்னு பட்டுச்சு அவங்களுக்கு. அதனால 1924ல ஜான்சன்-ரீட் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்து 3ஐ 2 ஆக்கினாங்க, அது பரவாயில்ல, கூடவே 1910 சென்சஸைத் தூக்கிட்டு 1890 சென்சஸைக் கொண்டு வந்து வெச்சாங்க. 34 வருஷம் பழைய கணக்கு! ஏன்னா 1890ல இத்தாலிக்காரங்களும் போலந்துக்காரங்களும் அங்க பெரிசா வந்து சேரலை. அந்த ஒரே மாத்தத்துல இத்தாலி 42,000லேர்ந்து 3,845க்கு விழுந்துச்சு, கிரீஸுக்கு குறைஞ்சபட்சமான 100. சட்டத்துல எங்கயும் 'இத்தாலிக்காரன் வேண்டாம்'னு ஒரு வரி கிடையாது, கோர்ட்ல காட்டினா வெறும் கூட்டல் பெருக்கல்தான் தெரியும். எனக்கு இந்த சட்டத்துல ரொம்ப முக்கியமாப் படுற இடமே இதுதான், எதை எண்ணணும்னு தேர்ந்தெடுக்குற இடத்துலயே ஆட்டம் முடிஞ்சுபோச்சு.

ஆனா 1890 கணக்கு கொஞ்சம் அப்பட்டமா இருக்குன்னு அவங்களுக்கே உறுத்துச்சு போல, அதனால 1929லேர்ந்து மூணாவது ஃபார்முலா. மொத்தம் ஒன்றரை லட்சம் சொச்சம், அதை 1920ல அமெரிக்காவுல இருந்த மொத்த ஜனத்தோட 'பூர்வீக நாடு' எந்த விகிதத்துல இருக்கோ அந்த விகிதத்துல பிரிக்கணும். கோடிக்கணக்கான பேரோட கொள்ளுத்தாத்தா எந்த ஊர்னு யாருக்குத் தெரியும்? 1790 சென்சஸ்ல இருந்த குடும்பப் பேர்களைப் பார்த்து இது இங்கிலீஷ் பேரு, இது ஜெர்மன் பேருன்னு ஊகிச்சாங்க. ஷ்மிட்டுன்னு வந்த ஜெர்மன்காரர் ஸ்மித்துன்னு மாத்தியிருந்தா அவர் பிரிட்டன் கணக்குல போயிடுவாரு. இன்னொரு விஷயம், இந்த 'மொத்த ஜனத்துல' அடிமைகளாக் கொண்டு வரப்பட்டவங்களோட சந்ததி, செவ்விந்தியப் பழங்குடிகள், ஆசியாக்காரங்க யாரையும் சேர்க்கவே இல்ல. கடைசியா பிரிட்டன், ஜெர்மனி, அயர்லாந்து மூணுக்கு மட்டும் மொத்தத்துல 71 சதவீதம்.

கப்பல்ல போய் இறங்கினப்புறம் கோட்டா முடிஞ்சிருச்சுன்னா என்ன பண்ணுவாங்க?

திருப்பி அனுப்புவாங்க, நிஜமாவே. 1921 சட்டத்துல ஒரு மாசத்துக்கு ஒரு நாட்டோட வருஷக் கோட்டாவுல 20 சதவீதத்துக்கு மேல எடுக்க முடியாது, அதனால புது மாசம் பிறக்குற நடுராத்திரிக்காக நியூயார்க் துறைமுகத்துக்கு வெளிய கப்பல்கள் வரிசையா காத்துக்கிட்டு நிக்கும், 12 மணி அடிச்சதும் யார் முதல்ல உள்ள நுழையறதுன்னு ரேஸ். பின்தங்கின கப்பல்ல இருந்தவன் வீட்டை வித்துட்டு வந்திருந்தாலும் நம்பர் தீர்ந்தா தீர்ந்ததுதான்.

இந்தக் கூத்து தாங்காம 1924 சட்டத்துல, கிளம்புற நாட்டுலயே அமெரிக்கத் தூதரகத்துல விசா வாங்கிட்டுத்தான் கப்பல் ஏறணும்னு மாத்தினாங்க. இன்னைக்கு சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கம் ஃபைலைக் கையில வெச்சுக்கிட்டு காலங்காத்தால நிக்கிறோமே, அந்தப் பழக்கத்தோட வேர் அங்கதான் இருக்கு.

இந்தியாவுக்கு எத்தனை கொடுத்தாங்க?

பேப்பர்ல 100. நடைமுறையில இந்தியர்களுக்கு பூஜ்யம். 1790லேர்ந்தே 'சுதந்திரமான வெள்ளையர்' மட்டும்தான் சிட்டிசன் ஆகலாம்னு சட்டம், உள்நாட்டுப் போருக்கப்புறம் ஆப்பிரிக்க வம்சாவளியையும் சேர்த்தாங்க. சிட்டிசன் ஆகத் தகுதி இல்லாதவங்க குடியேறவே முடியாதுன்னு 1924 சட்டம் சொல்லிடுச்சு. அப்ப இந்தியர் வெள்ளையரா? பகத் சிங் திண்ட்னு பஞ்சாப்காரர், முதல் உலகப்போர்ல அமெரிக்க ராணுவத்துல இருந்தவரு, நான் ஆரியன் அதனால வெள்ளையன்னு வாதாடினாரு. 1923ல சுப்ரீம் கோர்ட், விஞ்ஞானம் என்ன சொன்னாலும் சாதாரண ஆள் வெள்ளையன்னு யாரைச் சொல்வானோ அவன்தான் வெள்ளையன், நீ இல்லன்னு சொல்லிடுச்சு. வேடிக்கை என்னன்னா அதுக்கு மூணே மாசம் முன்னாடி ஒசாவாங்கிற ஜப்பான்காரர் என் தோல் வெளுப்புதானேன்னு கேட்டப்ப, வெளுப்பு போதாது காகேசியனா (அப்ப விஞ்ஞானிங்க இந்தியர்களையும் சேர்த்திருந்த இன வகை) இருக்கணும்னு இதே கோர்ட் சொல்லியிருந்துச்சு. (திண்டோட வாதமும் ஒண்ணும் பெருமைப்படுற மாதிரி இல்ல, உயர் ஜாதிங்கிறதையும் ஒரு ஆதாரமா வெச்சாரு.) தீர்ப்புக்கப்புறம் ஏற்கனவே சிட்டிசன் ஆன இந்தியர்கள் பல பேரோட குடியுரிமையைப் பிடுங்கினாங்க. அதுல ஒருத்தர், வைஷ்ணோ தாஸ் பகாய், சான் பிரான்சிஸ்கோவுல கடை வெச்சிருந்தவரு, 1928ல தற்கொலை பண்ணிக்கிட்டாரு.

அப்ப அந்த 100? இந்தியாவுல பிறந்த வெள்ளைக்காரங்களுக்கு. மாணவர்கள், பேராசிரியர்கள் மாதிரி சிலர் மட்டும் கோட்டாவுக்கு வெளிய வரலாம்னு ஒரு சந்து இருந்துச்சு. 1946ல லூஸ்-செல்லர் சட்டம் வந்துதான் நிஜமான இந்தியர்களுக்கு வருஷத்துக்கு 100 இடமும் சிட்டிசன் ஆகுற உரிமையும் கிடைச்சுது. விஞ்ஞானி சுப்ரமணியன் சந்திரசேகர் 1937லயே சிகாகோ யுனிவர்சிட்டி வேலைக்குப் போயிட்டாரு, சிட்டிசன் ஆனது 1953ல.

இந்தியாவுல பிறக்காம லண்டன்ல பிறந்திருந்தா பிரிட்டன் கோட்டாவுல போயிருக்கலாம்ல?

நல்லா யோசிச்சு கேட்டிருக்கீங்க, அவங்களும் யோசிச்சுட்டாங்க. 1952ல வந்த மெக்காரன்-வால்டர் சட்டம் இனத்தைக் காட்டி குடியுரிமை மறுக்குறதை ஒழிச்சுது, அது நல்ல விஷயம், ஆனா கூடவே 'ஆசிய-பசிபிக் முக்கோணம்'னு ஒண்ணு வரைஞ்சு, அங்க பூர்வீகம் உள்ளவங்க உலகத்துல எங்க பிறந்திருந்தாலும் ஆசியக் கோட்டாவுலதான் வரணும்னு வெச்சுது. ஐரோப்பாக்காரனுக்கு பிறந்த நாடு, நமக்கு மட்டும் ரத்தம். கயானாவுலயோ லண்டன்லயோ பிறந்த தமிழ் வம்சாவளி ஆளா இருந்தாலும், பாதி ரத்தம் ஆசியான்னா அந்த 100க்குள்ளதான் அடிச்சுக்கணும். சுதந்திரம் வாங்கின சிலோனுக்கும் அதே 100தான்.

அப்ப ஜனாதிபதியா இருந்த ட்ரூமன் இதை வீட்டோ பண்ணாரு, 1917ல நடந்த மாதிரியே காங்கிரஸ் மீறிடுச்சு. அதே நேரத்துல பிரிட்டனோட 65,000ல பெரும்பகுதி வருஷா வருஷம் யாரும் எடுக்காமலே வீணாப் போயிட்டிருந்துச்சு. அதை வேற நாட்டுக்கு மாத்திக் கொடுக்கவும் வழி கிடையாது.

ஹிட்லர் காலத்துல யூதர்களையாவது உள்ள விட்டாங்களா?

ஜெர்மனி, ஆஸ்திரியா ரெண்டுக்கும் சேர்த்து 27,370 இருந்துச்சு. 1930கள்ல பெரும்பாலான வருஷம் அதைக்கூட முழுசா கொடுக்கலை, ஏன்னா 'அரசாங்கத்துக்கு பாரமா ஆயிடுவாங்க'ங்கிற விதியைக் காட்டி தூதரக அதிகாரிகள் தள்ளிவிட்டுட்டே இருந்தாங்க. 1939ல 20,000 குழந்தைகளைக் கோட்டாவுக்கு வெளிய எடுப்போம்னு ஒரு மசோதா வந்துச்சு, ஓட்டெடுப்புக்கே வராம செத்துப்போச்சு.

அதே வருஷம் ஜெர்மனியிலேர்ந்து கிளம்பின செயின்ட் லூயிஸ் கப்பல். 937 பேர், பெரும்பாலும் யூதர்கள். கியூபா இறங்க விடலை, ஃப்ளோரிடா கரை தெரியுற தூரம் வரைக்கும் வந்துட்டு, கோட்டா வரிசையில உங்க முறை வரலைன்னு பதில் வாங்கி ஐரோப்பாவுக்கே திரும்பினாங்க. அதுல 254 பேர் பின்னாடி நாஜிப் படுகொலையில செத்தாங்க.

மெக்சிகோவுக்கு எவ்வளவு கோட்டா?

கோட்டாவே இல்ல! இதைச் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. 1924 சட்டத்துல மெக்சிகோ, கனடா, தென் அமெரிக்க நாடுகளுக்கு நம்பர் கிடையாது, ஏன்னா கலிஃபோர்னியா, டெக்சாஸ் பண்ணையாருங்களுக்கு அறுவடைக்கு ஆள் வேணும். (அதே வாரத்துல எல்லைக் காவல் படையும் ஆரம்பிச்சாங்க, அது தனிக்கதை.) 1942லேர்ந்து 1964 வரைக்கும் 'பிரசேரோ'ன்னு தற்காலிகக் கூலி ஒப்பந்தம் வேற ஓடுச்சு.

உலகத்தோட மேற்குப் பாதிக்கு (வட, தென் அமெரிக்கக் கண்டங்கள்) முதல் தடவையா வரம்பு போட்டது, எல்லாரும் கொண்டாடுற 1965 சட்டம்தான், மொத்தமா 1,20,000ன்னு. 1976ல நாட்டுக்கு 20,000ங்கிற உச்சவரம்பும் வந்துச்சு. வயல் வேலையோ ஆள் தேவையோ குறையலை, பேப்பர் மட்டும் இல்லாம போச்சு. 'சட்டவிரோதக் குடியேற்றம்'னு இன்னைக்கு அவங்க கத்துற பிரச்னையில கணிசமான பங்கு இங்க பிறந்ததுன்னுதான் நான் நினைக்கிறேன்.

சரி, கடைசியில ரத்து பண்ணது யாரு? கென்னடியா, ஜான்சனா?

கையெழுத்து ஜனாதிபதி ஜான்சன் (1924 சட்டத்தோட பேர்ல வர்ற ஜான்சன் வேற ஆள்), 1965 அக்டோபர் 3, சுதந்திர தேவி சிலைக்குக் கீழ. மசோதாவை விதைச்சது அவருக்கு முந்தின ஜனாதிபதி கென்னடி, 1963 ஜூலையில. ஆனா எனக்குப் பிடிச்ச ஆள் இமானுவேல் செல்லர். நியூயார்க் புரூக்ளின் எம்பி, யூதர், 1924ல புது ஆளா உட்கார்ந்து எதிர்த்துப் பேசித் தோத்தாரு. 41 வருஷம் கழிச்சு, அதே சபையில சட்டக் கமிட்டித் தலைவரா இருந்து அதை ஒழிச்ச சட்டத்துல தன் பேரையே போட்டுக்கிட்டாரு, ஹார்ட்-செல்லர் சட்டம்.

அதுக்கு நடுவுல படிப்படியாத்தான் ஓட்டை விழுந்துச்சு. போர்ல சீனா கூட்டாளிங்கிறதால 1943ல சீனத்தடையை எடுத்து பெருந்தன்மையா 105 இடம் கொடுத்தாங்க, 1946 மேலயே சொல்லிட்டேன். பனிப்போர் வந்ததும் ஆசிய ஆப்பிரிக்க நாடுகள்கிட்ட போய் நாங்க ஜனநாயகம்னு பேசும்போது இந்தக் கோட்டா அசிங்கமா இடிச்சுது. உள்நாட்டுல கறுப்பின மக்களோட சிவில் உரிமைப் போராட்டம், 1964லயும் 65லயும் பெரிய சட்டங்கள் வந்தாச்சு, வீட்டுக்குள்ள பாரபட்சம் கூடாது வாசல்ல மட்டும் கூடுமான்னு கேள்வி வந்துச்சு. கீழ்சபையில 318க்கு 95, செனட்ல 76க்கு 18.

ஆசியாவுலேர்ந்து இவ்வளவு பேர் வருவாங்கன்னு தெரிஞ்சுதான் சட்டம் போட்டாங்களா?

தெரியாது! இது பெரிய புரட்சி எல்லாம் இல்லைன்னு ஜான்சனே மேடையில சொன்னாரு, செனட்ல மசோதாவை நடத்தின டெட் கென்னடி (ஜனாதிபதி கென்னடியோட தம்பி) நாட்டோட இனக்கலவை மாறாதுன்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னாரு. ஒஹையோ எம்பி மைக்கேல் ஃபைகன்னு ஒருத்தர், படிப்புக்கு முதலிடம் கொடுத்திருந்த மசோதாவை மாத்தி குடும்பத்துக்கு முதலிடம் கொடுக்க வெச்சாரு. அவரோட கணக்கு, இப்ப இங்க இருக்கிறவங்க ஐரோப்பாக்காரங்க, சொந்தக்காரங்களைக் கூப்பிட்டா வர்றவங்களும் ஐரோப்பாக்காரங்களாத்தானே இருப்பாங்க.

ஐரோப்பாவுலதான் அப்ப வாழ்க்கை நல்லா ஆயிடுச்சே, எவன் கிளம்புவான்? படிச்சவங்களுக்குன்னு விட்ட 10 சதவீதத்துல நம்ம டாக்டர், இன்ஜினியர் எல்லாம் போனாங்க, சிட்டிசன் ஆனாங்க, அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிக்கு மனு போட்டாங்க, அதுக்குன்னு 24 சதவீதம் தனியா இருந்துச்சு. 1960ல அமெரிக்காவுல இருந்த இந்தியாவுல பிறந்தவங்க வெறும் 12,000 பேர்தான், இன்னைக்கு லட்சக்கணக்குல. நியூ ஜெர்சியில முருகன் படத்தோட காலண்டர் மாட்டியிருக்கிற பாதி வீடு ஃபைகன் போட்ட கணக்கு தப்பானதால வந்தது.

தோத்தது யாருன்னா அயர்லாந்துக்காரங்க. பழைய கணக்குல 17,853 வெச்சிருந்தவங்க, 1980கள்ல விசா இல்லாம நியூயார்க் பார்கள்ல ஒளிஞ்சு வேலை பார்த்தாங்க. அவங்களுக்காக அரசியல்ல ஆள் பிடிச்சு வாங்கினதுதான் கிரீன் கார்டு லாட்டரி. 1990 சட்டத்துல அது நிரந்தரமாச்சு. போகப்போக அதுல நிறைய ஜெயிச்சது ஆப்பிரிக்க நாட்டுக்காரங்க, இந்தக் கணக்கும் போட்டவங்க நினைச்ச மாதிரி போகலை பாருங்க.

மத்த நாடுகள் எல்லாம் நல்லவங்களா?

கனடா 1951ல இந்தியாவுக்கு வருஷத்துக்கு 150, பாகிஸ்தானுக்கு 100, சிலோனுக்கு 50ன்னு கொடுத்துச்சு, 1962ல இனப் பாரபட்சத்தைப் பெரும்பாலும் எடுத்தாங்க, 1967ல படிப்பு, வேலைக்கு மார்க் போடுற பாயின்ட் முறை வந்துச்சு. ஆஸ்திரேலியாவுல கோட்டாவே வேண்டாம்னு 'ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில' டிக்டேஷன் டெஸ்ட், எந்த மொழின்னு அதிகாரி முடிவு பண்ணுவாரு. 1934ல எகோன் கிஷ்னு ஒரு செக் பத்திரிகையாளர் பல மொழி தெரிஞ்சவருன்னதும் ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில வெச்சாங்க. கோர்ட்டே சிரிச்சு அது செல்லாதுன்னுடுச்சு. அந்த டெஸ்ட் 1958ல போச்சு, வெள்ளை ஆஸ்திரேலியா கொள்கை முழுசா போனது 1973ல.

1965லயே கோட்டா போயிடுச்சுன்னா இந்தியர்களுக்கு மட்டும் ஏன் க்யூ இவ்வளவு நீளம்?

போனது நாட்டுக்கு நாடு வேற வேற நம்பர். வந்தது எல்லா நாட்டுக்கும் ஒரே நம்பர். கிழக்குப் பாதிக்கு (அமெரிக்கக் கண்டங்கள் தவிர மத்த உலகம்) மொத்தம் 1,70,000, நாட்டுக்கு 20,000ன்னு ஆரம்பிச்சு, 1990 சட்டத்துல 7 சதவீதம்னு ஆச்சு. வேலை அடிப்படை கிரீன் கார்டு வருஷத்துக்கு 1,40,000, மனைவி குழந்தைகளும் இதுக்குள்ளதான், அதுல 7 சதவீதம்னா 9,800. ஐஸ்லாந்துக்கும் அதே 9,800, இந்தியாவுக்கும் அதே 9,800. மத்தவங்க எடுக்காம மிச்சமானா நமக்கு வரும், அவ்வளவுதான். பிறந்த நாட்டை வெச்சு விசாவுல பாரபட்சம் காட்டக்கூடாதுன்னு எழுதியிருக்கிறதும் அதே 1965 சட்டம்தான், நாட்டு உச்சவரம்பு மட்டும் விதிவிலக்குன்னு கூடவே எழுதி வெச்சுட்டாங்க.

இதுவும் இனவெறிதானான்னு உடனே அடுத்த கேள்வி வரும். 1924 மாதிரி வேணும்னே நம்மளைக் குறிவெச்சுப் பண்ணதுன்னு நான் சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் சமம்னு காட்ட போட்ட ஒரு நம்பர், ஜனத்தொகையைப் பார்க்காம போட்டது. ஆனா வரிசையில நிக்கிறவனுக்கு நோக்கம் என்னவா இருந்தா என்ன.

நான் இந்திய பாஸ்போர்ட், ஆனா பிறந்தது துபாய்ல. என் கணக்கு எதுல வரும்?

பாஸ்போர்ட் பார்க்க மாட்டாங்க, பிறந்த நாடுதான், அதனால எமிரேட்ஸ் கணக்கு, இந்திய க்யூவுல நிக்க வேண்டாம். ரத்தத்தைப் பார்க்குற 1952 விதி மேல சொன்னேன்ல, அது 1965ல போயிடுச்சு. நீங்க மதுரையில பிறந்து உங்க மனைவி சிங்கப்பூர்ல பிறந்திருந்தாலும், சேர்ந்து போறீங்கன்னா அவங்க நாட்டுக் கணக்கை நீங்க எடுத்துக்கலாம். அப்பா அம்மா நாட்டுக் கணக்கைக் குழந்தை எடுத்துக்கலாம், ஆனா குழந்தை பிறந்த நாட்டைக் காட்டி அப்பா அம்மா தப்பிக்க முடியாது. இதை நம்பி பிரசவத்துக்கு டிக்கெட் போடுறவங்க தயவுசெஞ்சு ஒரு வக்கீல்கிட்ட கேட்டுட்டு போடுங்க.